விரல் பிஸ்கட்டும் பிடி கொழுக்கட்டையும்

இந்த வருஷம் தீபாவளி அக்டோபர் 20-ஆம் தேதியே வந்து போய்விட்டது. போன வருஷம், அதாவது 2024-இல், அக்டோபர் 31, வியாழக்கிழமை. அந்தத் தேதியால் எங்கள் வீட்டில் ஒரு சின்னப் பஞ்சாயத்து நடந்தது. அதை அப்போதே எழுத நினைத்தேன். அக்காவிடம் கேட்காமல் எழுதக் கூடாது என்று தள்ளிப் போட்டேன். இப்போது கேட்டுவிட்டேன். "எழுதிக்கோ, என்ன இருக்கு அதுல" என்று சொல்லிவிட்டாள்.

மகள் குடும்பம் பெங்களூரில். தீபாவளிக்கு மூன்று நாள் முந்தியே வந்து இறங்கினார்கள். பேத்திக்கு ஒன்பது வயது. வழக்கமாக வந்த உடனே "தாத்தா, கம்பி மத்தாப்பு எத்தனை பெட்டி?" என்று கேட்பவள், அன்றைக்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டாள். விசாரித்தால், அவர்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில் அக்டோபர் 31 அன்று ஹாலோவீன் பார்ட்டியாம். பிள்ளைகள் எல்லோரும் பேய் வேஷம் போடுவார்களாம். பேய்த் தின்பண்டம் செய்வார்களாம். இவள் மட்டும் தீபாவளிக்கென்று சிவகாசிக்கு வந்துவிட்டாளாம்.

உலகமெல்லாம் நம்மூர்ப் பட்டாசுக்கு ஏங்கும்போது நம் வீட்டுப் பிள்ளை பேய்க்கு ஏங்குகிறதே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. என் மனைவிக்குக் கோபம். "நல்ல நாளும் அதுவுமா பேயாம் பிசாசாம்" என்றாள்.

நான்தான் சமாதானம் சொன்னேன். இது ஒன்றும் நமக்குத் தெரியாத சங்கதி இல்லை. நவம்பர் 2-ஆம் தேதி நம்மூர்க் கிறிஸ்தவர்கள் கல்லறைத் திருநாள் கொண்டாடுவதைப் பார்த்திருக்கிறோம். கல்லறையைச் சுத்தம் செய்து, பூப்போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அதற்கு முந்தின நாள், நவம்பர் 1, எல்லாப் புனிதர்களின் திருநாள். அதற்கும் முந்தின ராத்திரிதான் இந்த ஹாலோவீன். அயர்லாந்துப் பக்கம் கோடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் நேரத்தில் செத்தவர்கள் வீடு தேடி வருவார்கள் என்று ஒரு பழைய நம்பிக்கை. அங்கே டர்னிப் கிழங்கைக் குடைந்து உள்ளே விளக்கு வைப்பார்கள். அந்த ஊர் ஜனம் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனபோது அங்கே பூசணிக்காய் மலிவாகக் கிடைத்தது, அதைக் குடைந்தார்கள். இங்கிலாந்தில் அந்த நாட்களில் வீடு வீடாக வந்து செத்தவர்களுக்காக வேண்டிக்கொள்ளும் ஏழைகளுக்குச் சின்னச் சின்ன கேக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. நாம் மகாளய அமாவாசைக்குக் காக்காய்க்குச் சோறு வைத்து, பெரியவர்களுக்குப் படையல் போடுவதற்கு அது ஏதோ ஒரு வகையில் சொந்தம்தான்.

வங்காளத்தில் இன்னும் பொருத்தம். காளி பூஜைக்கு முந்தின நாளை பூத சதுர்த்தசி என்பார்கள். அன்றைக்குப் பதினாலு விளக்கு ஏற்றி, பதினாலு வகைக் கீரை சமைத்துச் சாப்பிடுவார்கள். நம்மூர் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்றுக்கொண்டு வந்த அதே கல்கத்தாவில்தான் இதெல்லாம். இதைச் சொன்னதும் என் மனைவி கொஞ்சம் இறங்கி வந்தாள். "சரி, செய்யட்டும். ஆனா தீபாவளிப் பலகாரத்தை வச்சே செய்யணும். புதுசா வாங்கிக் காசைக் கரியாக்கக் கூடாது" என்று நிபந்தனை போட்டாள்.

பேத்தி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வந்தாள். கையால் எடுத்து ஒரு வாயில் போடுகிற மாதிரி இருக்க வேண்டும், பார்த்தால் பயமாகவும் இருக்க வேண்டும். அதுதான் விதியாம். என் மகள், மனைவி, பேத்தி மூவரும் உட்கார்ந்து பட்டியல் போட்டதைக் கேட்டுக்கொண்டிருக்கச் சுவாரஸ்யமாகத்தான் இருந்தது. உங்கள் வீட்டுக்கும் பேரன் பேத்தி வந்து அடம் பிடித்தால் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் கண். சின்ன இட்லித் தட்டில் மினி இட்லி ஊற்றி, வெந்ததும் மேலே வட்டமாக நறுக்கிய கேரட், அதன் நடுவில் ஒரு முழு மிளகு. பத்து இட்லியை ஒரு தட்டில் வைத்தால் பத்துக் கண்ணும் நம்மையே பார்க்கும். நுங்கு கிடைத்தால் இதைவிட நன்றாக இருக்கும், ஆனால் ஐப்பசியில் நுங்குக்கு எங்கே போக?

அடுத்தது மூளை. பீட்ரூட்டைத் துருவிப் பிழிந்த சாற்றில் இடியாப்ப மாவைப் பிசைந்து, உள்ளங்கை அளவுக்குச் சின்னச் சின்னதாகப் பிழிந்து அவிக்க வேண்டும். இதைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது. சிலந்திக்குச் சுசியம். இரண்டு பக்கமும் நாலு நாலு முறுக்குத் துண்டைச் செருகினால் எட்டுக் கால். அதை வெந்த சூட்டிலேயே செருக வேண்டும், ஆறினால் உடைந்துவிடும். மம்மி என்று எகிப்துப் பிணம் ஒன்று உண்டே, அதற்கு உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு வெட்டி அரை வேக்காடு வேகவைத்து, சப்பாத்தி மாவை நாடா மாதிரி அறுத்துச் சுற்றிப் பொரித்தார்கள். குடிப்பதற்கு ரத்தம் வேண்டுமே, நன்னாரி சர்பத் இருக்கிறது. சாத்தூர் காராச்சேவைக் காகிதக் கப்பில் போட்டு "எலும்பு" என்று எழுதி ஒட்டியாகிவிட்டது. பாம்பு மாத்திரையைக் கொளுத்தித் தட்டுக்கு நடுவில் வைக்கலாம் என்று பேத்தி சொன்னபோது மட்டும் நான் கண்டிப்பாக மறுத்துவிட்டேன். அந்தப் புகை சாப்பாட்டுப் பக்கமே வரக் கூடாது.

கடைசியாக நோட்டில் இருந்தது சூனியக்காரி விரல்.

இது பிஸ்கட். ஐம்பது கிராம் பொடித்த சர்க்கரை, நூறு கிராம் வெண்ணெய், இருநூறு கிராம் மைதா, ஒரு சிட்டிகை உப்பு. வெண்ணெயையும் சர்க்கரையையும் நன்றாகக் குழைத்து, மைதாவைப் போட்டுப் பிசைந்து, விரல் மாதிரி உருட்ட வேண்டும். வேகும்போது கொஞ்சம் பருக்கும் என்பதால் நிஜ விரலைவிட ஒல்லியாக உருட்ட வேண்டும். நடுவில் இரண்டு இடத்தில் கணுவுக்குக் கத்தியால் மூன்று மூன்று கீறல். நுனியில் தோல் உரித்துப் பிளந்த பாதாம் பருப்பை நகம் மாதிரி அழுத்தணும். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. பழைய குக்கரின் அடியில் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, ரப்பரையும் வெயிட்டையும் எடுத்துவிட்டு மூடி, பத்து நிமிஷம் சூடாக்கிவிட்டு, தட்டில் அடுக்கிய விரல்களை உள்ளே வைத்தாள் என் மனைவி. அந்தக் காலத்தில் இப்படித்தானே கேக் செய்தோம். சிறு தீயில் இருபத்தைந்து நிமிஷத்தில் வெந்துவிட்டது.

ஆறினதும் பேத்தி நகத்தைக் கிளப்பி, அடியில் சிவப்பு ஜாமைத் தடவி, திரும்ப அழுத்தினாள். ஜாம் பிதுங்கி ஓரத்தில் வழிந்தது. அடியிலும், வெட்டுப்பட்ட இடம் மாதிரி, ஜாம். இருபது விரல் வரிசையாகத் தட்டில் கிடந்தது.

எனக்கு அதற்கு மேல் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே வந்து திண்ணையில் உட்கார்ந்தேன். என் மகள் பின்னாலேயே வந்து, "என்னப்பா?" என்றாள். "அத்தை வருவாளே நாளைக்கு" என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. அவளும் அதை நினைக்கவில்லை.

என் அக்காவுக்கு வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் கிடையாது.

இதைப் படிப்பவர்களில் பலருக்கு நான் அதிகம் விளக்க வேண்டியதில்லை. நம்மூரில் விரல் என்றால் அது வேறு விஷயம். கட்டை அடுக்கியது விரல், பெட்டி ஒட்டியது விரல், திரி சொருகியது விரல், சரம் பின்னியது விரல். எங்கள் அம்மா வீட்டில் தீப்பெட்டி ஒட்டினாள். அக்கா பன்னிரண்டு வயதில் தீப்பெட்டி ஆபீஸுக்குப் போனாள், பிறகு பட்டாசு ஆபீஸுக்கு மாறினாள். வெளியூர்க்காரர்களுக்கு ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி. நமக்கு ஆபீஸ் என்றால் அதுதான்.

1970-இல் தீபாவளிக்குச் சில நாள் முன்னால் அது நடந்தது. அக்காவுக்குப் பத்தொன்பது வயது, எனக்குப் பதினாறு. அப்போதுதான் புகுமுக வகுப்பில் சேர்ந்திருந்தேன். அக்கா அப்போது துப்பாக்கியில் வைத்துச் சுடுவோமே, அந்தப் பொட்டு வெடி செய்யும் ஒரு சின்ன ஆபீஸில் இருந்தாள். அந்த மருந்து பொட்டாசியம் குளோரேட்டும் சிவப்பு பாஸ்பரஸும் சேர்ந்தது. அதற்கு நெருப்பே வேண்டாம், உரசினாலே போதும். காய்ந்த பொட்டுகளை அடுக்கிக் கட்டும்போது ஒன்று உரசியது, கையில் இருந்த அடுக்கு முழுவதும் பிடித்துக்கொண்டது. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் இருந்தாள். அந்தத் தீபாவளிக்கு எங்கள் தெருவில் நாங்கள் மட்டும் விளக்கு வைக்கவில்லை.

அதற்குப் பிறகு அக்கா முந்தானைக்குள் கையை வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள். கல்யாண வீட்டில், கோயிலில், பஸ்ஸில், எங்கே போனாலும் வலது கை சேலைக்குள்தான். பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் திரும்பிப் போனார்கள். இருபத்தெட்டு வயதில் ஒரு பெண்டாட்டி இழந்தவருக்குக் கட்டிக்கொடுத்தோம். நல்ல மனிதர், இப்போது இல்லை. அக்கா இப்போது திருத்தங்கலில் மகன் வீட்டில் இருக்கிறாள். நான் படித்தேன், வங்கியில் வேலைக்குப் போனேன், ஓய்வும் பெற்றுவிட்டேன். ஐம்பத்துநாலு வருஷத்தில் அன்றைக்கு என்ன நடந்தது என்று ஒரு தடவைகூட நான் அவளிடம் கேட்டதில்லை. அவளும் சொன்னதில்லை. கேட்டால் வருத்தப்படுவாள் என்று என்னையே நான் ஏமாற்றிக்கொண்டிருந்தேன். கேட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும் என்பதுதான் நிஜம்.

ராத்திரியே மகளும் நானும் பேசி முடிவு செய்தோம். விரல் பிஸ்கட் தட்டை மட்டும் மேல் அலமாரியில் எடுத்து வைத்துவிடுவது. அக்கா சாயங்காலம் கிளம்பிவிடுவாள். அவள் போன பிறகு பிள்ளைகளுக்குக் கொடுத்துக்கொள்ளலாம். பேத்தியிடம் காரணம் சொல்லவில்லை. அது எங்கள் தப்பு.

தீபாவளி அன்று காலை ஆறு மணியிலிருந்து ஏழு மணிவரை வெடி. 2018-இலிருந்து காலையில் ஒரு மணி நேரம், ராத்திரி ஏழிலிருந்து எட்டுவரை ஒரு மணி நேரம் என்று ஆகிவிட்டது. வெடி செய்கிற ஊரிலும் அதே கணக்குதான். பத்து மணிக்கு அக்கா இலவச டவுன் பஸ்ஸில் வந்து இறங்கினாள். வந்தவள் சும்மா இருக்கவில்லை. "பிள்ளைகளுக்கு ஏதோ விருந்தாமே, நானும் ஏதாச்சும் செய்யுறேன்" என்று அடுப்படிக்குள் போய்விட்டாள். என் மனைவி, "பேய்க்குப் போடுற விருந்தாம் மதினி" என்று சிரித்தாள்.

"இதென்ன அதிசயம்? அம்மா ஊர்ல ஔவையார் நோன்பு இருக்கும்ல?" என்றாள் அக்கா.

எங்கள் அம்மா பிறந்தது திருநெல்வேலிப் பக்கம். ஔவையார் நோன்பு தெரிந்தவர்களுக்குத் தெரியும். தை, மாசி, ஆடி என்று ஏதாவது ஒரு மாதத்துச் செவ்வாய்க்கிழமை நடு ராத்திரியில் பெண்கள் மட்டும் ஒரு வீட்டில் கூடுவார்கள். ஆண்களை வெளியே அனுப்பிவிடுவார்கள், கைக்குழந்தையானாலும் ஆண் பிள்ளை ஆகாது. உப்புப் போடாமல் விதவிதமான உருவத்தில் கொழுக்கட்டை பிடித்து, படைத்து, விடிவதற்குள் சாப்பிட்டு முடித்துவிட வேண்டும். அதை ஆண்கள் கண்ணால் பார்க்கவும் கூடாது. சின்ன வயதில் மாமா வீட்டுத் திண்ணையில் போர்த்திப் படுத்துக்கொண்டு, உள்ளே என்னதான் நடக்கிறதோ என்று நான் நடுங்கியது ஞாபகம் வந்தது. பேத்திக்கு இதைக் கேட்டு ஒரே குஷி. "அப்ப அத்தைப் பாட்டி ஏற்கனவே ஹாலோவீன் கொண்டாடியிருக்காங்க!"

அக்கா பிடி கொழுக்கட்டை செய்தாள். வறுத்த பச்சரிசி மாவு ஒரு டம்ளர், கருப்பட்டி முக்கால் டம்ளர். கருப்பட்டியைக் காய்ச்சி வடிகட்டி, வறுத்த பாசிப்பருப்பு, தேங்காய்ப் பல், ஏலம், சுக்குப் போட்டு, கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டில் பிடித்து, இட்லிப் பானையில் பத்துப் பன்னிரண்டு நிமிஷம் அவித்தாள். பேச்சு சுவாரஸ்யத்தில், ராத்திரி வெடியையும் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று தங்கிவிட்டாள். எங்கள் திட்டம் அங்கேயே கெட்டது.

எட்டு மணிக்கு வெடி முடிந்ததும் தெருப் பிள்ளைகள் ஒன்பது பேர் எங்கள் வீட்டு முன்னறையில் கூடினார்கள். மின்விளக்கை அணைத்து நாலு மெழுகுவர்த்தி. வெளியே புகை மூட்டம், உள்ளே மெழுகுவர்த்தி, பேய்க்கு வேறு ஏற்பாடே தேவையில்லை. பேத்தி கறுப்புச் சார்ட்டில் கூம்புத் தொப்பி செய்து போட்டிருந்தாள். கண் இட்லி, மூளை இடியாப்பம், சிலந்திச் சுசியம் எல்லாம் வந்தது. பிள்ளைகள் அலறிக்கொண்டே தின்றார்கள். பிறகு பேத்தி ஸ்டூல் போட்டு ஏறி, மேல் அலமாரியில் இருந்த தட்டை அவளாகவே இறக்கிவிட்டாள். நான் எழுந்திருப்பதற்குள், பெரியவர்களுக்குத்தான் முதலில் என்று எங்கள் வீட்டில் சொல்லிக் கொடுத்தபடி, நேராக அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினாள்.

"அத்தைப் பாட்டி, விரல் எடுத்துக்கோங்க!"

என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அக்கா இடது கையால் ஒன்றை எடுத்தாள். மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணுவில் போட்ட கீறலைத் தடவினாள்.

"நகமெல்லாம் நல்லா வச்சிருக்கியே தாயி" என்றாள். பிறகு, "இது என் விரலு மாதிரியே இருக்கு. எங்க கிடைச்சது உனக்கு? நான் அம்பத்துநாலு வருஷமா தேடிக்கிட்டிருக்கேன்" என்றாள்.

சொல்லிக்கொண்டே முந்தானையிலிருந்து வலது கையை எடுத்து மெழுகுவர்த்திக்கு முன்னால் நீட்டினாள்.

பிள்ளைகள் வீல் என்று கத்தின. விளையாட்டின் ஒரு பகுதி என்றுதான் முதலில் நினைத்தன. ஒரே ஒரு பையன் மட்டும் கத்தவில்லை. பின் தெருவில் இருக்கிறவன், அவன் அம்மா பட்டாசு ஆபீஸுக்குப் போகிறாள். சுசியத்தை மென்றுகொண்டே, "எங்க மாமாவுக்கும் இப்படித்தான் இருக்கு" என்றான்.

சத்தம் நின்றுவிட்டது. என் பேத்தி தட்டைக் கீழே வைத்தாள். "வலிச்சுதா பாட்டி?" என்று கேட்டாள். நான் ஐம்பத்துநாலு வருஷமாகக் கேட்காததை அவள் ஒரு நிமிஷத்தில் கேட்டுவிட்டாள்.

அக்கா சொன்னாள். அப்போது வலிக்கவே இல்லையாம். கை மரத்துப்போய், காதுதான் கொய்யென்று கேட்டதாம். பக்கத்தில் இருந்த பெண் தன் சேலையைக் கிழித்துச் சுற்றிக் கட்டினாளாம். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் அக்கா அந்த ஆபீஸுக்கு மறுபடி போனாளாம்.

"விரலைத் தேடவா?" என்றான் ஒரு பையன்.

"இல்லடா. அந்த வாரச் சம்பளம் நின்னுபோச்சு. பதினோரு ரூவா. தாத்தாவுக்குப் பரீட்சைக்குப் பணம் கட்டணும்ல" என்று என்னைக் கையால் காட்டினாள். அந்தக் கையாலேயே.

எனக்கு இது தெரியாது. அந்தப் பணத்தை அம்மா கொடுத்ததாகத்தான் இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன். எந்தப் பரீட்சைக்கு எவ்வளவு கட்டினேன் என்பதெல்லாம் மறந்துவிட்டது. கட்டிய நாள் மட்டும் ஞாபகம் இருக்கிறது, சேர்ந்து படித்த பையன்களோடு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.

பட்டாசே கூடாது என்று சொல்ல நான் இதை எழுதவில்லை. இந்த ஊர்ச் சோறு அதில்தான் வந்தது, இன்றும் வருகிறது. ஒரு அறைக்கு இத்தனை பேர், இவ்வளவு மருந்து என்று விதிகள் இருக்கின்றன. அந்தப் பொட்டு வெடிக் காலத்துக்கு இப்போது எவ்வளவோ பரவாயில்லை. அப்படியும் 2012 செப்டம்பர் 5-ஆம் தேதி முதலிப்பட்டியில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் போனதை நாம் யாரும் மறக்கவில்லை. பெரிய விபத்து என்றால் பேப்பரில் வரும், ஊர் கூடும். ஒரு விரல், இரண்டு விரல் போனது எந்தப் பேப்பரிலும் வராது. அது முந்தானைக்குள்ளேயே இருந்துவிடும்.

விரல் பிஸ்கட் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அக்காதான் முதலில் கடித்தாள். "வெண்ணெய் நல்லா இருக்கு, இனிப்பு கம்மி" என்றாள். அதன் பிறகு பிள்ளைகளும் தின்றுவிட்டன. எனக்கு மட்டும் இறங்கவில்லை. நான் கொழுக்கட்டை எடுத்துக்கொண்டேன்.

பேத்தி அந்தக் கொழுக்கட்டைத் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கொஞ்சம் கொழுக்கட்டை என் மனைவி பிடித்தது, மீதி அக்கா பிடித்தது. பாட்டியுடையதில் நாலு விரல் தடம் வரிசையாகப் பதிந்திருந்தது. அக்காவுடையதில் ஒரு ஓரத்தில் இரண்டு தடம் மட்டும், மற்ற பாதி வழவழவென்று இருந்தது. எங்கள் வீட்டில் கொழுக்கட்டை செய்தால் எது அக்கா பிடித்தது என்று எங்களுக்குப் பார்த்த உடனே தெரியும். தெரிந்தும் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பேத்தி இரண்டு தடம் இருந்ததை எல்லாம் பொறுக்கித் தனித் தட்டில் வைத்து, "இது அத்தைப் பாட்டி செஞ்சது, இது எனக்கு" என்றாள். அன்றைக்கு பஸ் ஏறும்போது அக்காவின் கை வெளியேதான் இருந்தது. மறுபடி பார்த்தபோது சேலைக்குள் போயிருந்தது. பழக்கம் ஒரு நாளில் போய்விடுமா?

இந்த வருஷம் தீபாவளி முன்னாலேயே வந்துவிட்டதால் ஹாலோவீனுக்குப் பேத்தி பெங்களூரிலேயே இருந்தாள். அவர்கள் பார்ட்டிக்கு இவள் பிடி கொழுக்கட்டை கொண்டுபோகப் போகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். செய்முறை கேட்டு அக்காவுக்கு வீடியோ காலில் போன் செய்தாள். அன்று நானும் திருத்தங்கலில்தான் இருந்தேன். மாவெல்லாம் சரியாகத்தான் கிளறியிருந்தாள், ஆனால் கொழுக்கட்டை பிடிக்கப் பிடிக்க உதிர்ந்தது. போனை அடுப்பு மேடையில் சாய்த்து வைத்துவிட்டு மறுபடி பிடித்துக் காட்டினாள். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் நீட்டி விலக்கி வைத்துக்கொண்டு, மற்ற இரண்டு விரலால் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அக்கா கொஞ்ச நேரம் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்படி இல்ல தாயி. நாலு விரலையும் வச்சுப் பிடி. உனக்குத்தான் நாலும் இருக்குல்ல" என்றாள்.